நீங்க இறங்கிட்டீங்க... உங்க பேக்?

பாஸ், ஒரு சின்ன டெஸ்ட். சிலபஸ்ல இல்லாத கேள்விதான், பயப்படாதீங்க!

கடைசியா பாசஞ்சர் ரயில்ல ஊருக்குப் போனீங்களே... முன்னாலேர்ந்து எத்தனாவது பெட்டி? அந்தப் பெட்டி மேல என்ன நம்பர் எழுதியிருந்தது? வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் போனதும் அங்கேயே நின்னுதா, திரும்பிக் கிளம்பிடுச்சா?

முழிக்கிறீங்கல்ல? ஜன்னல் சீட் கிடைச்சது ஞாபகம் இருக்கும். எதிர் சீட்ல யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு ரொம்ப நல்லாவே ஞாபகம் இருக்கும். ஆனா, இந்த மூணு கேள்விக்கு மட்டும் நம்ம கிளாஸ் டாப்பரே பிட் இல்லாம பதில் சொல்ல மாட்டாரு. ரயில்ல ஒரு பொருளை விட்டுட்டு ஸ்டேஷனுக்கு ஓடினா, கவுன்ட்டர்ல முதல்ல கேட்கிறது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். மார்க் போட மாட்டாங்க. பதில் தெரிஞ்சா உங்க பேக் பாஸ், தெரியலைன்னா அரியர்!

ரிசர்வேஷன் டிக்கெட்ல போறவங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவங்க பேர், பெட்டி, பெர்த் எல்லாம் சார்ட்லயே இருக்கும். 'எஸ் 6, 41-ம் நம்பர் பெர்த், கறுப்பு பேக்'னு சொன்னா போதும். ஆனா, அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து, ரன்னிங்ல ஏறி, படிக்கட்டுல தொங்கி, நடுவுல ஒரு சீட் பிடிச்சு உட்கார்ற நம்ம கேஸ் வேற. அந்த ரயில்ல நமக்கு அட்ரஸே கிடையாது. அந்த அட்ரஸை நாமதான் உண்டாக்கிக்கணும். இந்த வார மேட்டரே அதுதான்.

மலைக்குப் போகிற வழியில்...

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்னிக்கு தனி மாவட்டமாச்சு. ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு ரயில்னா பல தலைமுறையா சின்னசேலம்தான். சேலத்துல கிளம்பி ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம்னு போய் விருத்தாசலத்துல சேர்ற லைன் அது. முன்னாடி மீட்டர் கேஜா இருந்து, 2007-ல அகலப்பாதை ஆச்சு. சின்னசேலத்துல இறங்கி, பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சி. அங்கேர்ந்து இன்னொரு பஸ். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைவு வளைவா ஏறினா கல்வராயன் மலை. வெள்ளிமலைதான் அங்கே தாலுகா தலைமையிடம். வெள்ளிமலைக்கும் உள்ளே சின்னச் சின்ன கிராமங்கள். ரயில், ரெண்டு பஸ், அப்புறம் நடை!

அப்படியொரு கிராமத்துலேர்ந்து வந்து என்கூட இன்ஜினீயரிங் படிக்கிறான் என் ரூம்மேட். அவங்க குடும்பத்துல காலேஜ் படி ஏறின முதல் ஆள். ஸ்காலர்ஷிப்புக்கு ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் காட்டிட்டு, அந்த ஃபைலோட சாயங்கால பாசஞ்சர்ல ஊருக்குக் கிளம்பினான். ப்ளஸ் டூ மார்க் ஷீட், பழங்குடியினர் சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறை பட்டதாரி சான்றிதழ், எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ். அத்தனையும் ஒரே பேக்ல. சைடு ஜிப்ல மொபைல். பேக் மேல் ரேக்ல.

சின்னசேலத்துல கூட்டம் தள்ளின தள்ளுல இறங்கிட்டான். பேக் இறங்கலை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல மணி பார்க்க மொபைலைத் தேடும்போதுதான் தோள்ல பேக்கே இல்லைங்கிறது உறைச்சிருக்கு. அப்போ வண்டி விருத்தாசலத்தை நெருங்கியிருக்கும்.

அந்த பேக்ல என்ன இருந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. நமக்கெல்லாம் சாதிச் சான்றிதழ் ஒரு பேப்பர். அவனுக்கு அப்படி இல்ல. தமிழ்நாட்டுல பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தரணும். விசாரணை, விண்ணப்பம், மலையிலேர்ந்து கீழே வர்ற ஒவ்வொரு நாளும் அவங்க அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அந்த ஒரு பேப்பர்ல ஃபீஸ், ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப்னு மூணும் தொங்குது.

திரும்ப பஸ் பிடிச்சு ஸ்டேஷனுக்கு ஓடினான். கவுன்ட்டர்ல இருந்தவர் பொறுமையாதான் கேட்டிருக்காரு. "எந்தப் பெட்டி தம்பி?" "நடுவுல சார்." "நடுவுலன்னா எத்தனாவது?" "..." "என்ன பேக்?" "கறுப்பு பேக் சார்." ரயில்ல போற பாதி காலேஜ் பசங்க தோள்ல கறுப்பு பேக்தானே!

முதல் அரை மணி நேரம்

இந்த மாதிரி நேரத்துல என்ன பண்ணணும்? ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்ப்போம்.

முதல்ல 139-க்கு போன் போடுங்க. உங்க போனும் பேக்கோட போயிடுச்சுன்னா, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேட்டு வாங்குங்க. பாதுகாப்பு சம்பந்தமான உதவிக்கு 1-ஐ அழுத்தணும். சீனியருங்க யாராவது '182-க்கு போடு மச்சி'ன்னு சொன்னா நம்பாதீங்க. அந்த நம்பரை 2021 ஏப்ரல் 1-லேர்ந்து 139-லயே சேர்த்தாச்சு. ரயில் எண், பெட்டி, எந்தப் பக்கம், பேக் என்ன நிறம், உள்ளே என்ன இருக்குன்னு வரிசையா சொல்லுங்க. வண்டி இன்னும் ஓடிட்டிருந்தா, அடுத்து வர்ற பெரிய ஸ்டேஷன்ல ஆர்.பி.எஃப் ஆளுங்க ஏறிப் பார்க்க முடியும். பார்க்கிறவருக்கு வண்டி அங்கே நிக்கிற ரெண்டு, மூணு நிமிஷம்தான் டைம். 'நடுவுல ஒரு பெட்டி'ன்னா அவர் எங்கே தேடுவாரு? 'கடைசியிலேர்ந்து நாலாவது பெட்டி, இடது பக்க ரேக், பச்சை ரிப்பன் கட்டின கறுப்பு பேக்'னா நேரா போய் எடுத்துட்டு வந்துடுவாரு.

அடுத்து, ஸ்டேஷன் மாஸ்டர். போன் பண்ணியாச்சேன்னு சும்மா இருந்துடாதீங்க, நேர்லயும் சொல்லுங்க. முன்னால இருக்கிற ஸ்டேஷன்களோட பேசுறது அவருக்கு தினசரி வேலை. வண்டியில 'கார்டு'னு ஒருத்தர் இருப்பாரே, 2022 ஜனவரியிலேர்ந்து அவருக்கு 'டிரெயின் மேனேஜர்'னு பேர். அவருக்கும் தகவல் போகும்.

இன்னொரு கேள்வியை மறக்காம கேளுங்க: 'இந்த ரேக் அடுத்து எங்கே சார் போகுது?' ரேக்னா ஒண்ணாக் கோத்த பெட்டிகளோட மொத்த செட். பாசஞ்சர் வண்டி கடைசி ஸ்டேஷன்ல போய்ப் படுத்துத் தூங்குறதில்லை. பல நேரம் அதே பெட்டிகள் வேற நம்பர்ல, வேற ஊருக்கு, அரை மணி நேரத்துல திரும்பக் கிளம்பிடும். நீங்க விருத்தாசலத்துல பேக்கைத் தேடிட்டு இருப்பீங்க, அது உங்களையே கிராஸ் பண்ணி சேலம் பக்கம் போயிட்டிருக்கும்!

இந்த லைன்ல இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னசேலம் இருக்கிறது சேலம் கோட்டம். விருத்தாசலம் ஜங்ஷன் திருச்சி கோட்டம். ஒரே ரயில், ஒரே பேக், ஆனா ஆபீஸ் ரெண்டு. அதனால ஒரு பக்கம் மட்டும் விசாரிச்சுட்டு 'இல்லை'ன்னு வீட்டுக்குப் போயிடாதீங்க. ரெண்டு பக்கமும் கேளுங்க.

யார்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்றதுங்கிறதிலயும் குழப்பம் வரும். ஆர்.பி.எஃப்-ங்கிறது மத்திய அரசோட ரயில்வே பாதுகாப்புப் படை. தொலைஞ்ச லக்கேஜைத் தேடி எடுத்து வைக்கிறது அவங்க பண்ற வேலைகள்ல ஒண்ணு. 'இருப்புப்பாதை காவல் நிலையம்'னு போர்டு போட்டிருக்கே, அது தமிழ்நாடு போலீஸ். திருட்டுன்னு சந்தேகம் இருந்தா எஃப்.ஐ.ஆர் போட வேண்டியது இவங்கதான். சின்ன ஸ்டேஷன்ல இந்த போர்டைத் தேடினா கிடைக்காது. சேலம், விருத்தாசலம் மாதிரி ஜங்ஷன்லதான் இருக்கும். எந்த ஊர் எல்லையில திருடு போச்சுன்னு தெரியலைன்னாலும் பரவாயில்லை. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' முறைப்படி எந்த ஸ்டேஷன்லயும் புகாரைப் பதிவு பண்ணி, சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்பலாம். 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே இது இருக்கு.

'இதெல்லாம் நடக்கிற காரியமா பாஸ்?'னு கேட்பீங்க. நடக்குது. ரயில்ல கிடைச்ச பொருளை உரியவங்ககிட்ட சேர்க்கிற வேலைக்கு ஆர்.பி.எஃப் 'ஆபரேஷன் அமானத்'னு பேர் வெச்சிருக்கு. மேற்கு ரயில்வேயில மட்டும் 2021-ம் வருஷம் 1,317 பயணிகளுக்கு 2.58 கோடி ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் திரும்பக் கிடைச்சிருக்கு. சராசரி போட்டுப் பாருங்க, ஒருத்தருக்கு 19,500 ரூபாய்க்கும் மேல!

'நஷ்ட ஈடு தாங்க சார்!'

கோவத்துல நம்மாளுங்க அடுத்து சொல்ற டயலாக் இது. சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா டென்ஷன் மிச்சம். 1989-ம் வருஷ ரயில்வே சட்டத்துல 100-வது பிரிவு இருக்கு. லக்கேஜை முறைப்படி புக் பண்ணி ரசீது வாங்கியிருந்தாதான் ரயில்வே பொறுப்பு. கையில எடுத்துட்டுப் போற பேக் தொலைஞ்சா, ரயில்வே ஊழியரோட அலட்சியத்தாலயோ தவறாலயோதான் தொலைஞ்சதுன்னு நாம நிரூபிக்கணும்.

2005-ல காசி விஸ்வநாத் எக்ஸ்பிரஸ்ல ஒரு வியாபாரி இடுப்பு பெல்ட்ல 1 லட்சம் ரூபாய் கட்டிட்டுப் போய், அது திருடு போயிடுச்சு. நுகர்வோர் மன்றத்துல அவருக்குத்தான் ஜெயிப்பு. ஆனா கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2023 ஜூன்ல 'பயணி தன் பொருளைத் தானே பாதுகாக்கலைன்னா ரயில்வேயைப் பொறுப்பாக்க முடியாது'ங்கிற மாதிரி தீர்ப்பாகிடுச்சு. அதாவது, 18 வருஷம் கேஸ் நடத்தினாலும் கையில கிடைக்கிறது ஜீரோ. அதனால, நம்ம எனர்ஜியைச் சண்டையில செலவு பண்ணாம, பேக்கைத் தேடுறதுல செலவு பண்றதுதான் புத்திசாலித்தனம்.

டவர் கிடைக்காத அப்பா

ரூம்மேட் கதைக்கு வருவோம். அவன் பேக் தொலையவே இல்லைங்க. கூடையோட பூ விக்கப் போற ஒரு அக்கா, ரேக்ல அநாதையா இருந்த பேக்கைப் பார்த்திருக்காங்க. தான் இறங்கின ஸ்டேஷன்ல எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டாங்க. அங்கே இருந்தவர் ரிஜிஸ்டர்ல எழுதிட்டு, ஃபைல்ல இருந்த ஸ்காலர்ஷிப் ஃபாரத்தைப் பார்த்து, அதுல இருந்த ஒரே நம்பருக்கு போன் பண்ணியிருக்காரு. அது அவங்க அப்பா நம்பர்.

அந்த கிராமத்துல டவர் கிடையாது! 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே...'

இவன் இந்தப் பக்கம் சாப்பிடாம கொள்ளாம ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையுறான். பேக் அந்தப் பக்கம் ஒரு அலமாரியில பத்திரமா உட்கார்ந்திருக்கு. நடுவுல இருந்தது ஒரு போன் கால்தான். மூணாவது நாள் அவங்க அப்பா சாமை மூட்டையோட கீழே இறங்கி வந்தப்பதான் போன்ல டவர் வந்து, கால் கிடைச்சிருக்கு. அவர் ஹாஸ்டலுக்குச் சொல்ல, நாலாவது நாள் நானும் அவனும் போனோம். சட்டைப் பாக்கெட்ல கசங்கிக் கிடந்த பழைய டிக்கெட், காலேஜ் ஐ.டி கார்டு, உள்ளே என்னென்ன இருந்ததுங்கிற லிஸ்ட்... மூணும் ஒத்துப்போச்சு. கையெழுத்து போட்டு வாங்கினோம். ஃபைல்ல ஒரு பேப்பர்கூட குறையலை. மொபைல் மட்டும் இல்லை. எந்த ஊர்ல, யார் எடுத்தாங்களோ!

மொபைல் போனா என்ன பண்றது? போலீஸ் புகார் நகலோட மத்திய அரசோட 'சஞ்சார் சாத்தி' தளத்துல ஐ.எம்.இ.ஐ நம்பரைக் குடுத்து பிளாக் பண்ணலாம். 2023 மே மாசத்துலேர்ந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கு. அதுக்கு ஐ.எம்.இ.ஐ நம்பர் தெரிஞ்சிருக்கணும். இப்பவே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சுப் பார்த்து நோட்ல எழுதி வைங்க. போன்லயே சேவ் பண்ணி வெச்சீங்கன்னா... சிரிப்பு வருது பாஸ்!

குடை வராது, கார்டு வரும்

தொலைஞ்ச பொருள் திரும்பி வர்றதுல உலக சாம்பியன் ஜப்பான். 2018-ல டோக்கியோ போலீஸ்கிட்ட ஒப்படைக்கப்பட்ட மொபைல்கள்ல 83 சதவிகிதம் சொந்தக்காரங்ககிட்ட திரும்பப் போச்சு. அடையாள அட்டைகள்ல 73 சதவிகிதம். ஆனா அதே வருஷம் வந்து சேர்ந்த 3,38,000 குடைகள்ல திரும்பப் போனது 1 சதவிகிதம்தான்.

அதே ஊர், அதே நல்ல மனுஷங்க, அதே போலீஸ். ஏன் இந்த வித்தியாசம்? குடை விலை கம்மி, தேடி வர்றவங்களும் கம்மிங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு, குடையில பேர் இல்லை. நேர்மையான ஆள் கையில கிடைச்சாலும், யார்கிட்ட குடுக்கிறது? நம்ம கறுப்பு பேக்கும் அந்தக் குடை மாதிரிதான். பூக்கார அக்கா மாதிரி நல்லவங்க நம்ம ஊர் ரயில்லயும் இருக்காங்க. அவங்க நல்லது பண்ண ஒரு நம்பர் வேணும், அவ்வளவுதான்.

ஹெமிங்வேயும் நம்ம ஜெராக்ஸும்

1922 டிசம்பர். எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே அப்போ ஒரு இளம் நிருபர். சுவிட்சர்லாந்துல வேலையா இருந்த அவரைப் பார்க்க மனைவி ஹேட்லி பாரிஸ்லேர்ந்து கிளம்பினாங்க. அவர் எழுதி வெச்சிருந்த கதைகளையெல்லாம் ஒரு பெட்டியில போட்டுக்கிட்டு, லியோன் ரயில் நிலையத்துல ரயில் ஏறினாங்க. அங்கேயே பெட்டி காணாமப் போச்சு. கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை. இதுல பெரிய சோகம் என்ன தெரியுமா? கார்பன் காப்பிகளும் அதே பெட்டியிலதான் இருந்தது!

நம்ம ரூம்மேட் பேக்கும் அதே டிசைன்தானே? ஒரிஜினலும் ஜெராக்ஸும் ஒரே பேக்ல இருந்தா அது பேக்கப் இல்லை, வெயிட். நாம இன்ஜினீயரிங்ல படிக்கிறோமே, 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு... ஒரு இடத்துல அடி விழுந்தா மொத்த சிஸ்டமும் காலி. அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த டெக்ஸ்ட் புக்லயும் கிடையாது.

ஹெமிங்வேக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கு. மத்திய அரசோட டிஜிலாக்கர் 2015-ல வந்தது. அதுல அரசு அமைப்புகளே வழங்குற சான்றிதழ்களுக்கு ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு உண்டுன்னு விதியே இருக்கு. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை அதுல எடுத்து வெச்சுக்கலாம். இ-சேவை மூலமா வாங்கின சான்றிதழ்னா அந்தச் சான்றிதழ் எண்ணை எழுதி வைங்க.

அதையும் மீறி ஒரிஜினல் போயே போச்சுன்னா? தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல 'எல்.டி.ஆர்'னு ஒண்ணு இருக்கு. தொலைஞ்ச ஆவணங்களுக்கான அறிக்கை. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ், லைசென்ஸ், பாஸ்போர்ட் எது தொலைஞ்சாலும் வீட்டுலேர்ந்தே பதிவு பண்ணி எடுத்துக்கலாம். அதை வெச்சு டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை, கடலூர் பக்கமெல்லாம் சர்டிஃபிகேட் மொத்தமா அடிச்சுட்டுப் போனப்போ, அரசே சிறப்பு முகாம் நடத்தி மாற்றுச் சான்றிதழ் குடுத்தது. பேப்பர் போனா படிப்பு போகாது. ஆனா அலைச்சல் நிச்சயம். அந்த அலைச்சல்ல மலைக்காரப் பையனோட அப்பாவுக்குப் போறது ஒரு நாள் இல்லை, பல நாள் கூலி.

பேக் உங்க கையில கிடைச்சா?

ரோல் மாறட்டும். ரேக்ல யாரோ விட்டுட்டுப் போன பேக்கை நீங்க பார்க்கிறீங்க. அக்கம்பக்கத்துல 'யாரோடதுங்க?'ன்னு ஒரு தடவை சத்தமா கேளுங்க. யாரும் வரலைன்னா, சந்தேகமா இருந்தா தொடாதீங்க, 139-க்கு சொல்லுங்க. சாதாரண காலேஜ் பேக், ஃபைல்னு தெரிஞ்சா டிரெயின் மேனேஜர்கிட்டயோ, ஸ்டேஷன்லயோ குடுத்துடுங்க.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. மார்க் ஷீட்டை போட்டோ எடுத்து, 'உரியவர்களிடம் சேரும் வரை ஷேர் பண்ணுங்க'ன்னு குரூப்ல போடாதீங்க. அதுல பிறந்த தேதி, பதிவு எண், போட்டோ எல்லாம் இருக்கு. உதவி பண்றதா நினைச்சு அவங்க ஜாதகத்தையே ஊருக்கு விநியோகம் பண்ணிடுவீங்க. பேர், காலேஜ் மட்டும் போட்டு காலேஜுக்குத் தகவல் சொன்னா போதும்.

அஞ்சு நிமிஷ ஹோம்வொர்க்

ஒண்ணு: பேக் உள்பக்கமும் ஃபைல் உள்பக்கமும் உங்க பேர், ரெண்டு போன் நம்பர் எழுதுங்க. ஒண்ணு உங்க நம்பரா இருந்தா, இன்னொண்ணு வேற ஆள் நம்பரா, டவர் கிடைக்கிற ஊர்ல இருக்கிறவர் நம்பரா இருக்கட்டும். ஹாஸ்டல் ஆபீஸ் நம்பர்கூட ஓகே.

ரெண்டு: ஜெராக்ஸ் வீட்டுல, ஒரிஜினல் பேக்ல. இல்லைன்னா உல்ட்டா. சேர்த்து மட்டும் வைக்காதீங்க.

மூணு: பேக்ல ஒரு கலர் ரிப்பன். கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

நாலு: இறங்குற வரைக்கும் இல்லை, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் டிக்கெட்டைக் கிழிக்காதீங்க. அந்த ரயில்ல நீங்க போனதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.

அஞ்சு: ஏறும்போதே பெட்டி நம்பரை ஒரு கிளிக். வெளிப்பக்கம் ஓரத்துல அஞ்சு அல்லது ஆறு இலக்கத்துல இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் அந்தப் பெட்டி தயாரான வருஷம். 17-ன்னு ஆரம்பிச்சா 2017. பெட்டி உங்களைவிடப் பெரியவரா, சின்னவரான்னு பார்த்துக்கலாம்! எடுத்த போட்டோவை அப்படியே ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்பிடுங்க. போனும் சேர்ந்து தொலைஞ்சா, நம்பர் அவன்கிட்ட இருக்கும்.

செல்ஃபி அப்புறம், பெட்டி நம்பர் முதல்ல. டீலா?

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும்... பேக் பத்திரம் பாஸ்!